மோட்டுவளையின் இரண்டு பிள்ளைகள்

தம்பி மனைவி அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டது, கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிதில். ஈரத்துணி வாளியோடு மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கீழ்வீட்டுக்காரி கதவிடுக்கில் தலையை நீட்டி, "மோட்டுவளை வந்தாச்சா?" என்று கேட்டாள். கூரை எங்கேயோ ஒழுகுகிறது, அதைப் பார்க்க ஆள் வருகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "இன்னும் வரலைங்க. எந்தப் பக்கம் ஒழுகுது?" என்றாள் இவள். கீழ்வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

சாயங்காலம் நாத்தனார், புருஷனின் அக்கா, வேலை முடிந்து படியேறி வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. மோவாயைத் தூக்கி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, எதிரே நிற்கிற ஆளை விட்டுவிட்டு வீட்டு மோட்டைப் பார்க்கிறவள் மாதிரி வந்தாள். புதுசாகப் பார்ப்பவர்கள் இவளுக்கு என்ன இத்தனை தலைக்கனம் என்றுதான் நினைப்பார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். இமை இரண்டும் பாதிக்கு மேல் தூக்காது. கண் சின்னக் கீறலாக இருக்கும். அந்தக் கீறல் வழியாக உலகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தலையைச் சாய்த்துத்தான் ஆகவேண்டும். இமைக்கு வந்த வினை, பெயர் மோவாய்க்கு வந்தது.

"கீழ கூரை ஆளுன்னு சொன்னியாமே," என்றாள் மோட்டுவளை, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

இவள் எழுந்து நின்றாள். "தெரியாம சொல்லிட்டேன் அண்ணி."

"தெரிஞ்சு சொன்னவங்களை விட நீ தேவலை. டீ போட்டியா, இல்ல அதையும் கூரை ஆளுக்கே குடுத்துட்டியா?"

அன்றைக்கே இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது.

அது அந்த வம்சத்துக் கண். தம்பிக்கும் அதே கண்தான். ஆனால் ஆண்பிள்ளைக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. பேருந்துப் பணிமனையில் "தூங்குமூஞ்சி" என்று கூப்பிட்டார்கள். அவனும் சிரித்துக்கொண்டே பேருந்துக்கு அடியில் படுத்துக்கொள்வான். மல்லாந்து படுத்து வேலை செய்கிறவனுக்குத் தலை சாய்ந்திருந்தால் நல்லதுதானே. இவர்கள் அப்பாவுக்கும் அதே கண். அந்த அப்பாவின் தங்கை ஒருத்தி, சுரங்கத் தொழிலாளர் கொட்டகையில் சமையல்காரியாக இருந்து அங்கேயே செத்தாள். அப்பாவின் சித்தப்பா மகள் ஒருத்தி, ஊரார் வீட்டுப் படுக்கை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு காலத்தைத் தள்ளினாள். இரண்டு பேருக்கும் அரைக்கண். இரண்டு பேர் வயிற்றிலும் ஒரு புழு பூச்சி இல்லை. இதையெல்லாம் யாரும் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. கண்ணுக்கும் வயிற்றுக்கும் என்ன உறவு? அதுவுமில்லாமல், பிள்ளை பெற்றவளை இன்னாருடைய அம்மா என்று நாலு தலைமுறைக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பெறாதவள் பேச்சு அவளோடு முடிந்துபோகும்.

தம்பி கல்யாணத்துக்கு முன்பே மோட்டுவளைக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. லாரி எடைமேடையில் வேலை செய்த ஆள். நல்லவன் என்றும் சொல்ல முடியாது, கெட்டவன் என்றும் சொல்ல முடியாது. அம்மா சொன்னதைக் கேட்கிறவன். மோட்டுவளை அப்போது துணி கம்பெனியில் இஸ்திரிப் பிரிவில் இருந்தாள். தைத்து முடித்த சட்டைகள் மலையாக வந்து விழும். குழாய் வழியாகக் கொதிநீராவி வரும் பெரிய இஸ்திரியைக் காலை முதல் மாலை வரை வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மாமியார்க்காரி கல்யாணத்துக்கு முன்பே சொன்னாள், அந்த வேலையை விட்டுவிடு என்று. இவள் விடவில்லை. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்தது. கர்ப்பம்தான் என்று வீடே ஒவ்வொரு தடவையும் ஆசைப்பட்டு ஒவ்வொரு தடவையும் வாடியது. இருபத்தைந்து வயதில் அது ஒரேயடியாக நின்றுபோனது. "ஆவியில வயித்தை வேக வெச்சுட்டா. சொன்னா கேட்டாளா? தலைதான் எப்பவும் மேல இருக்கே," என்றாள் மாமியார்க்காரி. எடைமேடைக்காரன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். இவள் ஒரு தகரப்பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

ஆவிதான் காரணம் என்பதை மோட்டுவளையும் நம்பிவிட்டாள் என்பதுதான் கொடுமை. அவளே மேற்பார்வையாளரிடம் கெஞ்சி, நூல் பிசிறு வெட்டுகிற பிரிவுக்கு மாறிக்கொண்டாள். அங்கே சம்பளமும் குறைவு, மரியாதையும் குறைவு. அதற்குப் பிறகு அவள் இஸ்திரிப் பெட்டியைத் தொடவேயில்லை. தம்பி மனைவி வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போட உட்கார்ந்தால், அறையை விட்டே எழுந்து போய்விடுவாள்.

தம்பிக்குப் பெண் பிறந்தது. துணியை விலக்கிப் பார்த்த தம்பி மனைவி முதலில் பார்த்தது கண்ணைத்தான். கீறல். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மோட்டுவளைதான் குழந்தையை வாங்கி, மோவாயைத் தூக்கி நன்றாகப் பார்த்து, "வாடி பொடிசு. வரும்போதே மோட்டைப் பார்த்துட்டு வந்தியா," என்றாள்.

பொடிசு என்பதே பெயராக ஒட்டிக்கொண்டது. அம்மாவுக்குச் சமமாக அத்தை தூக்கி வளர்த்தாள். பள்ளியில் சேர்க்கிற வயது நெருங்க நெருங்கத் தம்பி மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் வைத்தியம் விசாரித்தாள். இன்னொரு மோட்டுவளையா? ஒரு தலைமுறைக்கு ஒருத்தி போதாதா? இமையைத் தூக்கித் தைக்கிற அறுவை சிகிச்சை இருக்கிறது என்று யாரோ சொல்ல, மூன்று பேருமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

நெரிசலான ஆஸ்பத்திரி. டாக்டர் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தவரை உள்ளே பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார்கள். இவர்கள் முறை வந்தபோது பெஞ்சில் ஒரு குடும்பமே இருந்தது. ஒரு தாய்க்காரி, அவள் இரண்டு தங்கைகள், மூவர் இடுப்பிலும் ஆளுக்கொரு பிள்ளை. டாக்டர் பொடிசின் கண்ணை டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார், பின்னால் நின்ற மோட்டுவளையைப் பார்த்தார்.

"இவங்க?"

"எங்க அக்கா," என்றான் தம்பி.

"அக்காவுக்கு எத்தனை குழந்தைங்க?"

பெஞ்சில் இருந்த மூவரும் திரும்பினார்கள். மோட்டுவளை வழக்கம்போல் தலையைச் சாய்த்தபடி நின்றாள். கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் துடித்ததைத் தம்பி மனைவி பார்த்தாள். தம்பி வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்வான் என்று இவளுக்குத் தெரியும். உள்ளதைச் சொல்வான், உளறுவாயன். அத்தனை பேர் முன்னால் அண்ணியை இன்னொரு தடவை அவிழ்த்துக் காட்ட இவளுக்கு மனசு வரவில்லை.

"ரெண்டு டாக்டர்," என்றாள் முந்திக்கொண்டு. "ஒரு பையன், ஒரு பொண்ணு."

"அப்போ பயமில்ல. இதுல ரெண்டு வகை உண்டு. இது கண்ணோட நிக்கிற வகை. ஆபரேஷன் பண்ணிடலாம்."

இன்னொரு வகை என்ன என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த குடும்பம் எழுந்து நின்றுவிட்டது.

திரும்பி வரும்போது பேருந்தில் மோட்டுவளை முகம் கொடுக்காமல் பொடிசின் தலையை நீவிக்கொண்டே வந்தாள். தப்பாக எடுத்துக்கொண்டாளோ என்று இவளுக்கு உதைத்தது. மேம்பாலம் தாண்டியதும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"பையன் என்ன படிக்கிறான்?"

இவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "அஞ்சாவது அண்ணி. கணக்குதான் கொஞ்சம் மட்டம்."

"அப்பன் எடை போடுறவன், பிள்ளைக்குக் கணக்கு வராதா? பொண்ணு?"

"வாய் ஜாஸ்தி."

"அத்தை புத்தி," என்றாள் மோட்டுவளை. மாமன் மனைவியும் அத்தைதானே, இவளைத்தான் சொன்னாள். இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். தம்பி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு பிள்ளைகளும் வீட்டில் வளர்ந்தார்கள். மழை பெய்தால், "பையன் குடை எடுத்துட்டுப் போனானா?" என்பாள் மோட்டுவளை. பால் திரிந்துவிட்டால், "உங்க பொண்ணு மூடாம வெச்சுட்டா அண்ணி," என்பாள் இவள். வெளியாள் கேட்டால் பைத்தியம் என்று நினைப்பார்கள். அவர்களுக்குள் அது ஒரு சுகம்.

பொடிசின் கண் திறந்துகொண்டது. மூக்கோரத்தில் மெல்லிய தழும்பு, அதுவும் வளர வளர மங்கிவிட்டது. நேராகப் பார்த்து நேராக நடந்தாள். பெரியவளாகி, மற்றவர்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்து இருக்கையில் அவள் உட்கார்ந்திருந்தால் பயில்கிறவனுக்குப் பயம் போய்விடும் என்பார்கள். அத்தனை தெளிந்த பார்வை. வீட்டில் அரைக்கண் பேச்சே மறந்துபோனது. மறக்க வேண்டுமென்றுதானே தைத்தார்கள்.

பெண்ணுக்குக் கல்யாணமும் ஆயிற்று. மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்க்கிறவன், தங்கமானவன். இரண்டு வருஷம் போகட்டும், பிறகு பிள்ளை என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தம்பி மனைவியிடம் மோட்டுவளை வந்து நின்று, ஒரு தட்டைத் துடைக்க எடுத்தாள்.

"பொடிசுக்கு மாசாமாசம் சரியா வருதா?"

"ஏன் கேட்கிறீங்க?"

"இல்ல, போன தடவை வந்தப்போ நாள் தள்ளிப்போகுதுன்னு சொன்னா. எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது."

இவளுக்குச் சுர்ரென்று ஏறியது. அத்தனை வருஷம் ஒரு தட்டில் சாப்பிட்ட உறவு. ஆனாலும் மனசுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும். "அண்ணி, வாழற பொண்ணு. வாயை வெச்சுக் கண்ணை வெச்சு எதையாவது இழுத்து விட்டுடாதீங்க," என்றாள்.

மோட்டுவளை துடைத்துக்கொண்டிருந்த தட்டைத் துடைத்து முடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பையனும் பெண்ணும் கூட அந்த வீட்டில் பேச்சில் வருவது குறைந்துவிட்டது.

இரண்டு வருஷம் கழித்துப் பிள்ளை வேண்டுமென்று நினைத்தபோது பொடிசுக்கு விலக்கு வருவதே நின்றிருந்தது. உடம்பு திடீர் திடீரென்று கொதித்தது, இரவில் வியர்த்தது. பேறு மருத்துவம் பார்க்கிற பெண் டாக்டரிடம் போனார்கள். மாப்பிள்ளைக்கு வேலை, வர முடியவில்லை. அம்மாவும் அத்தையும் கூடப் போனார்கள்; அத்தை வராமல் உள்ளே போகமாட்டேன் என்றாள் பொடிசு.

டாக்டர் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, பொடிசின் மூக்கோரத் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் தலையைச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்த மோட்டுவளையைப் பார்த்தார்.

"நீங்க அப்பா வழியா?"

"அத்தை."

"உங்களுக்குப் பிள்ளைங்க?"

தம்பி மனைவி தரையைப் பார்த்தாள். மோட்டுவளை, "இல்ல டாக்டர்," என்றாள். "இருபத்தஞ்சுல எல்லாம் நின்னுபோச்சு. துணி கம்பெனியில இஸ்திரி வேலை. ஆவி பட்டு அப்படி ஆயிடுச்சு."

"ஆவியால இல்லம்மா. கம்பெனியில இருந்தீங்கன்னா சொல்றது சுலபம். உடம்பு ஒரு கம்பெனின்னு வெச்சுக்குங்க. எல்லாப் பிரிவுக்கும் ஒரே உத்தரவுக் கட்டுதான் போகுது, ஒண்ணு விடாம. அதுல ஒவ்வொரு உத்தரவும் ஒரு ஜீன். ஆனா காலர் தைக்கிறவங்க பாக்கெட் உத்தரவை எடுத்துப் படிப்பாங்களா? அந்த மாதிரி, இந்த ஒரு ஜீன் கையிலயும் இருக்கு, ஈரல்லயும் இருக்கு, ஆனா அங்க வாயே திறக்காது. அது வேலை செய்யறது முக்கியமா ரெண்டு இடத்துல. வயித்துல குழந்தை உருவாகும்போது இமையில. அப்புறம் சினைப்பையில, வருஷக்கணக்கா."

"சினைப்பையில அதுக்கு என்ன வேலை?" பொடிசுதான் கேட்டாள்.

"முட்டைகளைக் காவல் காக்கிற செல்களை ஒழுங்கா வெச்சிருக்கிறது. ஒரு பொண்ணு பிறக்கும்போதே அவளோட முட்டை எல்லாம் உள்ளே தூங்கிட்டிருக்கும். புதுசா வராது. மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா எழுந்து வரணும். காவல் சரியில்லைன்னா கூட்டமா எழுந்து கூட்டமா அழிஞ்சுபோகும். ரொம்ப வருஷத்துக்கு வரவேண்டியது சீக்கிரமே தீர்ந்துடும்."

"அப்பாவுக்கும் இந்தக் கண்ணுதானே?"

"அவருக்குச் சினைப்பை இல்லையே. இமையோட போச்சு. அதனாலதான் இது அப்பாமார் வழியாவே இறங்கி வருது."

மோட்டுவளையின் மனசு இன்னும் இஸ்திரியிலேயே நின்றது. "அப்போ அது இஸ்திரி இல்லையா டாக்டர்?"

"இல்லம்மா. நீங்க உங்க அம்மா வயித்துல இருக்கும்போதே அமைஞ்சது. நீங்க எந்த வேலை பார்த்திருந்தாலும் இதேதான்."

மோட்டுவளை தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். முப்பது வருஷமாக அதைத் தானே செய்துகொண்டதாக நினைத்திருந்தாள். அவள் தலை, பார்த்தவர்கள் அறிய முதல் தடவையாகக் கீழே தொங்கியது.

டாக்டர் பொடிசிடம் சொன்னார்: "கண்ணோட நிக்கிற வகையும் இருக்கு. எது எதுன்னு குடும்பத்துப் பொம்பளைங்களைக் கேட்டாலே பாதி தெரிஞ்சுடும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா, பதினெட்டு இருபது வயசுல உங்க முட்டையை எடுத்து உறைய வெச்சிருக்கலாம். கண் ஆபரேஷன் பண்ணின டாக்டர் இதைக் கேட்டிருப்பாரே. கேட்கலையா?"

பொடிசு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை நேராக வந்தது, தைத்துத் திறந்த கண்ணிலிருந்து. தம்பி மனைவிக்கு அந்தப் பெஞ்சு, மூன்று இடுப்புப் பிள்ளைகள், கழுத்து நரம்பு எல்லாம் கண்முன் வந்து நின்றன. வாயைத் திறந்தாள்.

"கேட்டார்," என்றாள் மோட்டுவளை. "நான்தான் பொய் சொன்னேன். ரெண்டு பிள்ளைன்னு சொல்லிட்டேன். நாலு பேர் இருந்தாங்க, வெட்கமா இருந்தது."

அதைச் சொன்னது நான் என்று சொல்லத் தம்பி மனைவிக்கு அப்போதும் நேரம் இருந்தது. வெளியே தாழ்வாரத்தில் நடந்தபோதும் இருந்தது. பேருந்தில் முழு வழியும் இருந்தது.

ஒரு முயற்சி செய்து பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதால் வாரக்கணக்கில் ஊசி போட்டார்கள். மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு முட்டை கூடக் கிடைக்கவில்லை. வேறு பெண்ணின் முட்டையை வைத்துச் செய்யலாம் என்றார் டாக்டர். பொடிசு யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நேராக அம்மா வீட்டுக்கு வந்தாள். அத்தை சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"உன் மானத்தைக் காப்பாத்திக்க என் வயித்தைப் பணயம் வெச்சுட்டியே அத்தை," என்றாள். கத்தவில்லை. கார் ஓட்டப் பழகுகிறவனுக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "நீ இருக்கிற வீட்டுக்கு இனிமே நான் வரமாட்டேன்."

தம்பி செய்தித்தாளை மடித்தான், மறுபடி பிரித்தான். அவனும் அன்றைக்கு அந்தக் கண் ஆஸ்பத்திரி அறையில் இருந்தவன்தான்.

மோட்டுவளை மறுநாளே தகரப்பெட்டியை இறக்கினாள். தம்பி மனைவி கதவை மறித்து நின்றாள்.

"நான் உண்மையைச் சொல்லிடறேன் அண்ணி. இன்னைக்கே போய்ச் சொல்லிடறேன்."

"சொல்லி? இப்போ அவளுக்கு அம்மா வேணும். அம்மா மடியில விழுந்து அழணும். அதையும் பிடுங்கிக்கப் போறியா? அத்தை இல்லாம இருந்துடலாம். எத்தனையோ பேர் இருக்காங்க."

"எனக்காகவா இப்படி?"

"உனக்காக இல்ல. நீ பாத்திரம் கழுவும்போது சொன்னதை நான் மறக்கல," என்றாள் மோட்டுவளை. பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "நீ ரெண்டுன்னு சொன்னதையும் மறக்கல. எனக்குப் பிள்ளை குடுத்தது நீ ஒருத்திதான்."

தம்பி மனைவி அழுதாள். அழும்போதே நெஞ்சின் ஓரத்தில் ஏதோ இறங்கி லேசானது. அது என்ன என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கதவை விட்டு விலகி நின்றாள்.

பொடிசு இப்போது வாரம் ஒரு முறை வருகிறாள். அம்மா மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறாள். தலையைக் கோதிக்கொண்டே தம்பி மனைவி ஒவ்வொரு வாரமும் வாயைத் திறக்கப் பார்க்கிறாள். அடுத்த வாரம் என்று தள்ளி வைக்கிறாள். ஒரே ஒரு தடவை நாத்தனார் தங்கியிருக்கிற விடுதிக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தாள். கிளம்பும்போது ஏதாவது சிரிப்பாகச் சொல்ல வேண்டுமென்று, "பையன் வந்து பார்த்தானா அண்ணி?" என்று கேட்டாள். மோட்டுவளை மோவாயைத் தூக்கி அவளை நன்றாகப் பார்த்து, "அதெல்லாம் போதும்மா," என்றாள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற விடுதியின் கீழ்த்தளத்தில், துணி அறைக்குப் பக்கத்து அறையில் இருக்கிறாள் மோட்டுவளை. விடுதிப் பெண்களின் துணிகளுக்கு அவள்தான் இஸ்திரி போடுகிறாள்.